அனுப்பானடி கபடி மைதானத்தில் தேங்கும் சாக்கடை நீரை அகற்றக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
மாலைநேரக் கபடிப் பயிற்சி மாணவியர், பெற்றோர் மற்றும் முன்னாள் மாணவர்கள்,
அனுப்பானடி, மதுரை.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மதுரை.

பொருள்: பாதாளச் சாக்கடை அடைப்பை நீக்கி மைதானத்தை மீட்டுத் தருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் கொடுத்த மூன்று மனுக்கள் (சித்திரைத் திருவிழாவுக்கு முன் ஒன்று, ஆடியில் ஒன்று, தீபாவளி கழிந்த மறுவாரம் ஒன்று).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெப்பக்குளம் தாண்டி உள்ளே வந்தால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அதே மைதானம்தான். கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பி.டி. சார், ஓய்வூதியப் பணத்தில் செம்மண் வாங்கிக் கொட்டி உருவாக்கிய ஆடுகளம் அது. சார் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவரிடம் கல்லூரியில் ஆடிய நாங்கள் ஆறு பேர், முறை வைத்துக்கொண்டு, காசு வாங்காமல் பயிற்சி கொடுத்து வருகிறோம்.

1. மைதானத்தின் மூலையில் உள்ள மேன்ஹோல் அடைத்துக்கொண்டு தினமும் பொங்குகிறது. இதற்கு மழை பெய்ய வேண்டியதில்லை. காலையில் எல்லா வீட்டிலும் குழாய் திறக்கும் நேரமே போதும்.

2. பெண்கள் ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதில் காய்ந்து கிடப்பது பாதிதான். பாடிப் போகிற பிள்ளை 30 விநாடி வரை வாய் மூடாமல் "கபடி, கபடி" சொல்ல வேண்டும். ஐயா, அந்த நாற்றத்தில் நின்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

3. கபடியில் விழாமல் ஆட முடியாது. முட்டியும் முழங்கையும் சிராய்க்கத்தான் செய்யும். அதனால்தான் சார் தினமும் சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சல்லடையில் மண்ணைச் சலித்துப் போடுவார். பட்டாணி அளவு கல் கிடந்தாலும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் அந்தச் சட்டையைத் துவைக்கிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கூத்து. அந்த மண்ணில் இப்போது மலம் கலந்த தண்ணீர் நிற்கிறது. போன மாதம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விழுந்தாள், வெறும் சிராய்ப்புதான். மூன்றாம் நாள் முட்டி சீழ் வைத்து, காலை மடக்க முடியவில்லை. அவள் அம்மா பூக்கட்டி விற்கிறவர். "சாக்கடையில விழுறதுக்கா எம்பிள்ளைய அனுப்புனேன்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? அவள் இப்போது வருவதில்லை. இருபத்தொரு பேர் வந்த இடத்தில் ஒன்பது பேர் வருகிறார்கள். சாரின் சல்லடை டீக்கடைப் பரணில் இருக்கிறது. மண் காய்ந்தால்தானே சலிக்க?

4. இரண்டாவது மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடித்து வைக்கப்பட்டது" என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அது வந்த நேரத்தில் நாங்கள் வாளியில் சாக்கடையை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம். யார் வந்து பார்த்தார்கள்? எதை முடித்தார்கள்?

5. சார் நினைவாக வளைவு வைக்கலாம் என்று சிலர் வருகிறார்கள். வேண்டாம். சாக்கடைக்கு மேல் அவர் பெயரை எழுத எங்களுக்கு மனம் வராது.

6. சென்னை கண்ணகி நகர்ப் பிள்ளை கார்த்திகா 2025-ல் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியபோது ஊரே கொண்டாடியது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். கூப்பிட்டு எங்கே நிறுத்துவது, ஐயா?

அடைப்பை எடுத்து, மூடியைச் சரிசெய்து, ஊறிப்போன மண்ணை அள்ளித் தந்தால் போதும். புதுச் செம்மண் நாங்களே கொட்டிக்கொள்கிறோம், சலிக்கவும் நாங்களே ஆள். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். தயவுசெய்து அடைப்பை எடுத்துக் கொடுங்கள். பார்வையிட வருவதாக இருந்தால் மாலை ஐந்தரைக்கு வாருங்கள், பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பி.டி. சாரின் மாணவர்கள்

இணைப்பு: புகைப்படங்கள் 4, முந்தைய மனு ரசீதுகள் 3.