சட்பரியில் வாங்கிய பழைய கார்

சட்பரி, ஒன்டாரியோ
நவம்பர் 9, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினோரு வருஷப் பழசு, 1,62,000 கிலோமீட்டர் ஓடிய சுபாரு கார், அதற்குப் போய் 7,500 டாலரா என்று போனில் கேட்டீர்கள். அன்றைக்கு டியூட்டிக்குக் கிளம்பும் அவசரம், ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. லாரியிலேயே காலம் கழித்த உங்களுக்கு வண்டி விஷயத்தை இரண்டு வரியில் சொல்லி முடிக்கவும் மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சட்பரி டொரன்டோவுக்கு வடக்கே சுமார் 400 கி.மீ. நிக்கல் சுரங்க ஊர், எங்கே பார்த்தாலும் பாறையும் ஏரியும். ஜனவரியில் சில நாள் மைனஸ் 30 வரை இறங்கிவிடும். நான் இருக்கும் தெரு நல்ல மேடு. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பனி தள்ளும் வண்டி எங்கள் பக்கம் வந்தே இருக்காது. முதியோர் இல்லத்தில் நான் போய்ச் சேர்ந்தால்தான் ராத்திரி முழுக்க விழித்திருந்தவர் வீட்டுக்குப் போக முடியும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தது அதற்காகத்தான்.

ஆனால் நான்கு சக்கரம் இழுப்பது கிளம்புவதற்கும் மேடு ஏறுவதற்கும்தான் உதவும். பிரேக் போட்டு நிற்க அதனால் பலன் இல்லை. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தானே இருக்கிறது. பனியில் நிறுத்துவது டயர். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும், குளிர்கால டயரின் ரப்பர் இறுகாது. அதனால் டயருக்கென்று தனியாக 900 டாலர் எடுத்து வைத்துவிட்டுத்தான் வண்டி தேடவே ஆரம்பித்தேன். ஆல் வீல் டிரைவ் இருக்கிறதே என்று டயரை விட்டுவிடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். சாலையோரப் பள்ளத்தில் கிடக்கும் கார்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஹோண்டா சிஆர்-வி, டொயோட்டா ராவ்4 இரண்டும் எத்தனை பழசானாலும் விலை இறங்குவதில்லை. சுசுகி எஸ்எக்ஸ்4 மலிவாகக் கிடைத்தது. நம் ஊரில் மாருதி பெயரில் ஓடியதே, அதேதான். இங்கே அதில் நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும் உண்டு. நல்ல வண்டிதான். ஆனால் 2014-லேயே சுசுகி கனடாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. உதிரி பாகத்துக்கு அலைய என்னால் முடியாது. கடைசியில் இந்த ஊரில் தெருவுக்கு நான்கு நிற்கும் ஜப்பான் கம்பெனி வண்டியான சுபாருவுக்கே வந்து சேர்ந்தேன்.

சுபாரு எஞ்சினை நீங்கள் பார்த்தால் விடமாட்டீர்கள். சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காது, இடம் இரண்டு வலம் இரண்டாகப் படுத்திருக்கும். ஆக சிலிண்டர்களை மூடும் ஹெட்டும் இரண்டு, இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் இரண்டு. 2000-க்குப் பின் பத்து வருஷம் வந்த 2.5 லிட்டர் எஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட்டின் அடியோரம் எண்ணெயும் கூலன்ட்டும் கசிவது ஊரறிந்த வியாதி. அதைச் சரிசெய்யும் கூலி, பழைய வண்டியாக இருந்தால் அதன் விலையில் பெரும்பகுதியையே தின்றுவிடும். அதே எஞ்சினில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை 1,05,000 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 1,70,000 கி.மீ.க்கு மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். அந்தக் கிலோமீட்டரை நெருங்கும்போது பெல்ட் மாற்றாமலே விற்றுவிடுகிறவர்கள் உண்டு. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

2011-க்கு மேல் ஒவ்வொரு மாடலாகப் புது எஞ்சின் வந்தது. அதில் பெல்ட் இல்லை, செயின். கேஸ்கெட் தொல்லையும் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் முதல் சில வருஷ வண்டிகளில் எண்ணெய் குடிக்கிற குறை வந்தது. அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது. அந்த வருஷத்து வண்டி என்றால் எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை அடிக்கடி இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் சிவிடி என்கிற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ், அதிலும் தொல்லை. 2010 முதல் 2015 வரையான சில மாடல்களுக்குக் கம்பெனியே உத்தரவாதத்தை நீட்டித்துக் கொடுத்தது. இப்போது அந்தக் காலமும் முடிந்துவிட்டது, போனால் நம் செலவுதான்.

நீங்கள் எனக்குக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தது இங்கேதான் கைகொடுத்தது. கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு, அதனால் கியர் வண்டிக்கு விலையும் குறைவு. நான் வாங்கியது 2014 சுபாரு இம்ப்ரெசா, ஐந்து கியர், 2 லிட்டர், செயின் எஞ்சின். சிவிடி கவலையே இல்லை. நடுவில், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு டிஃபரன்ஷியல், அதோடு சிலிகான் திரவம் நிரப்பிய கப்ளிங். முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் வேறு வேகத்திலும் சுற்றினால் திரவம் சூடேறி இறுகி இரண்டையும் பிணைத்துவிடும். கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை.

இதனால்தான் இந்த வண்டிகளில் டயர் பெரிய விஷயம். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. இருந்தால் நேர் ரோட்டில் போகும்போதும் அந்தக் கப்ளிங் ஓயாமல் சூடாகிக்கொண்டே இருக்கும். முதலில் பார்த்த வேறொரு வண்டியில் முன் டயர் இரண்டும் புதுசு, பின் இரண்டும் வழுக்கை. வெற்று மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தேன். உதறி உதறி நகர்ந்தது, கப்ளிங் கெட்டிருக்கும் என்று தோன்றியது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இம்ப்ரெசாவை விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வண்டியை நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொன்னேன். போனதும் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நீங்கள் எப்போதும் சொல்வதுதான், சூடான எஞ்சின் குறையை மறைக்கும். எண்ணெய் மாற்றிய ரசீதுகளையெல்லாம் வருஷவாரியாக ஒரு ஃபைலில் வைத்திருந்தார். நான் பணம் கொடுத்தது பாதி அந்த ஃபைலுக்குத்தான். அதற்கப்புறமும் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி அடியைக் காட்டினேன்.

காகித வேலையும் முறையாகவே முடிந்தது. பழைய உரிமையாளர்கள், கடன் பாக்கி எல்லாம் அடங்கிய அரசாங்கத் தகவல் தொகுப்பை விற்பவர்தான் வாங்கித் தர வேண்டும். நம் ஊர் எஃப்சி மாதிரி சேஃப்டி சர்டிபிகேட் உண்டு, 36 நாள்தான் செல்லும். அது இந்த நிமிஷம் ஓட்ட லாயக்கு என்று மட்டும்தான் சொல்லும், எஞ்சினுக்கு உத்தரவாதம் இல்லை. 13 சதவீத வரி தனி.

இங்கே காரைக் கொல்வது துருதான். சாலைக்கு உப்புப் போடுகிறார்கள், அது அடியில் ஒட்டிக்கொண்டு பிரேக் குழாய்வரை அரித்துவிடும். அந்த ஆசிரியை வருஷந்தவறாமல் அடியில் எண்ணெய் அடித்து வந்திருக்கிறார். நானும் போன வாரம் அடித்துவிட்டேன். ஆணி பதித்த டயருக்கு வட ஒன்டாரியோவில் அனுமதி உண்டு, தெற்கே இல்லை. டொரன்டோ போகவேண்டி வரும் என்பதால் ஆணியில்லாததையே போட்டேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ரசீதுகளில் கிரவுன் ஆயில், அதாவது அச்சு நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய், மாற்றியதாக எங்கேயும் இல்லை. இந்த வண்டியில் முன் கிரவுனுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய்தான், பின் கிரவுனுக்குத் தனி. இரண்டுக்கும் 75டபிள்யூ-90 ரக எண்ணெய். குளிர் முற்றுவதற்குள் இரண்டையும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். வடிக்கிற எண்ணெயில் இரும்புத்தூள் எவ்வளவு வரை இருந்தால் பயப்பட வேண்டாம் என்று அடுத்த முறை பேசும்போது சொல்லுங்கள். வடித்ததைப் படம் எடுத்தும் அனுப்புகிறேன். அம்மாவிடம் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

அன்பு மகள்