ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், மகளே

காயல்பட்டினம்

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அனுப்பிய பாங்காக் பயணத் திட்டத்தை உன் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். டிசம்பர் லீவில் நீங்கள் துபாயிலிருந்தும் நாங்கள் சென்னையிலிருந்தும் வந்து அங்கே கூடுவது என்று முடிவு செய்தாயே, அதற்கே அல்ஹம்துலில்லாஹ். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் அந்த ஊரில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும். அதனால் மாதத்தை மாற்ற வேண்டாம். திட்டத்தை மட்டும் மாற்றுவோம்.

முதல் நாள் காலை அரண்மனை, பத்தரைக்கு வாட் போ கோயில், மதியம் வாட் அருண் கோயில், மூன்று மணிக்குப் பட்டு யாவாரி ஜிம் தாம்சனின் வீடு, இரவு சீனர் கடைத்தெருவான யாவராட் என்று எழுதியிருக்கிறாய். மறுநாள் விடியுமுன் கிளம்பி மிதக்கும் சந்தை, அதற்கடுத்த நாள் பட்டாயா. போனில் மேப்பைப் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் சுகும்வித் சாலையில் டாக்சி ஏறினால் நடந்து போகிறவர் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். உம்மாவுக்கு முழங்கால் வலி. சின்னவனுக்கு ஐந்து வயது. இந்த இரண்டு பேரும் எந்த வேகத்தில் நடப்பார்களோ, அந்த வேகத்தில்தான் நாம் எல்லாரும் போக வேண்டும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். நான் அங்கே ரத்தினக் கல் யாவாரத்தில் இருந்த காலமெல்லாம் உன் உம்மா இங்கே அவள் தாய் வீட்டில் உங்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். நம் ஊரில் பல வீடுகளின் கதை அதுதான். என் வாலிபம் போன ஊரை அவள் என் கடிதங்களில்தான் பார்த்திருக்கிறாள். இப்போதுதான் கண்ணால் பார்க்கப்போகிறாள். அதை ஓட ஓட அவளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஹோட்டல். நீ பார்த்து வைத்திருப்பது நல்ல ஹோட்டல்தான், ஆனால் ஆற்றை விட்டு வெகுதூரம். பாங் ராக் பகுதியில், சபான் தக்சின் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பார். நிலையத்தின் கீழேயே சாதோர்ன் படகுத்துறை. மேலே ரயில், கீழே படகு, இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அந்த ஊரில் பெரிய வசதி. மேல் ரயில் 1999 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன் சீலோம் சாலை முழுவதும் பஸ் புகையில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நிலையத்துக்கு ஏற எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. உம்மாவுக்காக எந்த வாசலில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்.

படகை நீ திட்டத்தில் சேர்க்கவே இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியதே சாவ் பிரயா ஆறும் அதில் ஓடும் எக்ஸ்பிரஸ் படகும்தான். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறு. ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், காவி கட்டிய பிக்குகள் எல்லாரும் அதில்தான் போவார்கள். பிக்குகளுக்கென்று தனி இடம் உண்டு, அங்கே உட்காரக் கூடாது. டிக்கெட் கொடுக்கும் அம்மா கையில் நீளமான தகரக் குழல் வைத்திருப்பார். அதைக் கடகடவென்று தட்டிக்கொண்டே வருவார். படகின் பின்புறம் நிற்கும் ஆள் விசில் அடித்தே ஓட்டுநருக்குக் கரை எவ்வளவு தூரம் என்று சொல்வார். சின்னவன் அதைப் பார்த்தால் அன்றைக்கு வேறு எதையும் கேட்க மாட்டான். துறையில் படகு நிற்கும் நேரம் மிகக் குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும் மாப்பிள்ளை உம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

அரண்மனைக்கு ஒரு காலை முழுவதையும் ஒதுக்கு. எட்டரைக்குத் திறப்பார்கள், அப்போதே வாசலில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு மேல் டூரிஸ்ட் பஸ்கள் வந்துவிட்டால் நிற்க இடம் இருக்காது, கல் தரையும் கொதிக்கும். முதலாம் ராமா மன்னர் 1782இல் தலைநகரை ஆற்றின் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்தபோது எழுப்பியது அது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்று வாசலில் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். உனக்கும் உம்மாவுக்கும் அதில் கவலையே இல்லை, மாப்பிள்ளைதான் அரைக்கால் சட்டையை ஹோட்டலில் வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே மரகத புத்தர் என்ற சிலை இருக்கிறது. பெயரில்தான் மரகதம், சிலை ஜேட் வகைப் பச்சைக் கல். வெயில், மழை, குளிர் என்று பருவத்துக்கொரு பொன்னாடையாக ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே மாற்றுவார். அந்த மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. வெளியே சுற்றுச்சுவர் முழுவதும் அவர்களுடைய இராமாயணமான ராமாகியன் கதை, 178 ஓவியங்களாக. நிழலான நடைபாதை, உம்மா மெதுவாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அது முடிந்ததும் ஹோட்டலுக்குத் திரும்பி, சாப்பிட்டு, லுஹர் தொழுது, எல்லாரும் தூங்குங்கள். லீவில் பகல் தூக்கத்தை யாரும் வீண் என்று சொல்ல வேண்டாம்.

வாட் போவும் வாட் அருணும் இன்னொரு நாளுக்கு. வாட் போவில் சாய்ந்த புத்தர் சிலை 46 மீட்டர் நீளம். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் செய்திருக்கிறார்கள். நகைத் தொழிலைத் தெரிந்தவர்கள் அந்தப் பாதத்தருகே நின்றுவிடுவார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த வேலைப்பாடு அலுத்ததில்லை. அந்த வளாகத்திலேயே தாய் மசாஜ் கற்றுக்கொடுக்கும் பழைய பள்ளியும் இருக்கிறது. தாய் மசாஜை யுனெஸ்கோ 2019இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அங்கிருந்து தா தியன் துறைக்கு வந்தால் எதிர்க்கரையில் வாட் அருண். சீனக் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த பீங்கான் ஓடுகளைப் பதித்துக் கட்டிய கோபுரம் என்பார்கள். வாசலில் பத்துத் தலை இராவணன் பச்சை நிறத்தில் காவல் நிற்பான். கோபுரத்தின் படிகள் செங்குத்தானவை, உம்மா ஏற வேண்டாம். கிழக்குக் கரையிலேயே ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பொழுது சாய்வதைப் பார்க்கட்டும். மேலே ஏறியவர்களுக்குக் கிடைக்காத காட்சி அது.

இனி கல் விஷயம். இதை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. அரண்மனைப் பக்கம் நல்ல உடுப்பு உடுத்திய ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடல், ஏதோ விசேஷ நாள்" என்பார். குறைந்த காசுக்கு ஒரு டுக்-டுக்கையும் பிடித்துத் தருவார். அந்த வண்டி இரண்டொரு கோயிலைக் காட்டிவிட்டு ஒரு கல் கடையில் போய் நிற்கும். அரசாங்கச் சலுகை, இன்றோடு முடிகிறது, உங்கள் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்பார்கள். இவர்கள் எவருக்கும் காது கொடுக்காதே. கல் பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விலை பொய். அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் கவுண்டரில் மட்டும் கேள்.

இந்த ஏமாற்றைப் பார்த்து அந்த ஊரின் கல் தொழிலையே குறைவாக நினைத்துவிடாதே. உலகத்துக் கெம்பிலும் நீலத்திலும் பெரும் பங்கு அவர்கள் கையில் பட்டை தீட்டப்பட்டுத்தான் வெளியே போகிறது. இலங்கையில் 'கியூடா' என்று ஒரு கல் கிடைக்கும், பால் போல வெளுத்து மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. 1970களில் தாய்லாந்துக்காரர்கள் அதை மலிவாக வாங்கிக் கொண்டுபோய்க் கடுஞ்சூட்டில் வைத்து, அருமையான நீலமாக எடுத்தார்கள். தாய்லாந்தின் சந்தபுரி ஊரில் அந்தக் கைத்திறன் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. நான் பழகிய தாய் யாவாரிகள் பலர் சொன்ன வார்த்தையில் நிற்பவர்கள். கெம்பு மட்டும் இப்போது வாங்கவே வேண்டாம். விரிசலுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய கற்கள் நிறைய வந்துவிட்டன. கண்ணுக்கு நன்றாக இருக்கும், எலுமிச்சைச் சாறு பட்டாலே கெட்டுவிடும். ஒரு மோதிரம் வேண்டுமென்று நீ ஆசைப்பட்டால் சொல், ஆய்வகச் சான்றிதழோடு நானே வாங்கித் தருகிறேன்.

ஒரு மாலை மட்டும் எனக்குக் கொடு. சீலோம் சாலையில் மஹேசாக் தெரு வரை நடந்து, தரகர்கள் நின்று கல் பார்க்கும் இடத்தை உம்மாவுக்குக் காட்ட வேண்டும். அதே சாலையில்தான் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய் மக்களே சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பார்கள். நவராத்திரி ஊர்வல நாளில் அந்தத் தெருவே நிறைந்துவிடும். பக்கத்திலேயே சோய் 20 என்ற சந்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய மீராசுத்தீன் பள்ளிவாசல். நம் ஆட்களுக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததில்லை, மகளே. கிராபி மாகாணத்துக் குளோங் தோமில் கிடைத்த ஒரு பொற்கொல்லரின் உரைகல்லில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பொன்னும் மணியும் தேடிக் கடல் தாண்டியவர்கள் வரிசையில் உன் வாப்பாவும் ஒருவன் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆற்றோரத்தில் ஹாரூன் பள்ளி, பழைய சுங்க வீட்டுக்குப் பின்புறம். சுற்றிலும் ஹலால் கடைகள். காவ் மோக் காய் என்று கேளுங்கள். மஞ்சள் சோற்றில் கோழி வைத்து, புதினா மணக்கும் பச்சைப் புளிச்சாறு ஊற்றிச் சாப்பிடுவது, நம் பிரியாணிக்குச் சொந்தக்காரன். உம்மாவுக்கு முதல் நாளே அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் சாப்பாட்டுக் கவலை தீர்ந்துவிடும். வேறு கடைகளில் ஹலால் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தே உட்காருங்கள்.

லும்பினி பூங்காவுக்கு ஒரு காலை. சுப்ஹு தொழுகைக்குப் பிறகு போனால் முதியவர்கள் கூட்டமாகத் தை சீ பழகிக்கொண்டிருப்பார்கள், ஏரிக்கரையில் ஆளுயர உடும்புகள் சாவகாசமாக நடக்கும். கிட்டே போகாமல் பார்த்தால் பயமில்லை. எட்டு மணிக்குத் தேசிய கீதம் ஒலிக்கும். ஓடுகிறவர்களும் அப்படியே நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள். மாலை ஆறு மணிக்கும் அப்படித்தான்.

ஜிம் தாம்சன் வீட்டை வைத்துக்கொள். பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கால்வாயோரம் சேர்த்துக் கட்டியது, நிழலும் மரமுமாக இருக்கும். பட்டாயாவை அடித்துவிடு, போக வர நான்கு மணி நேரம் வண்டியிலேயே போகும். மிதக்கும் சந்தை ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அதுவும் வேண்டாம். பதிலாக ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரி கால்வாய்களில் ஒரு நீளப் படகை இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்து. வாசல்படி தண்ணீரில் இறங்கும் மரவீடுகளையும் துணி காயப்போடும் பெண்களையும் பார்க்கலாம். விலையை ஏறுமுன் பேசிவிடு. ஒரு நாளை எதுவும் எழுதாமல் விட்டுவிடு. அன்றைக்கு யாருக்கு எது தோன்றுகிறதோ அது.

எல்லாரும் வருமுன் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், 2025 மே 1 முதல் அது கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசாங்கத் தளத்தில் நிரப்பு, கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதையும் தொடாதே. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு ஒருமுறை பார்த்துக்கொள். குளிர்காலத்தில் அங்கே சில நாள் காற்றில் புகை தங்கும், சின்னவனுக்கு மாஸ்க் எடுத்து வா.

மாப்பிள்ளையோடு பேசிவிட்டு ஹோட்டல் எது என்று சொல். அதன் பிறகு நாங்கள் டிக்கெட் எடுக்கிறோம். உம்மா இப்போதே ஜன்னல் பக்கம் சீட் வேண்டும் என்கிறாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஸலாம்.

வஸ்ஸலாம்,
வாப்பா