கண் பார்க்காமல் கை கண்டுபிடிக்கும் பொத்தான் வேண்டும்

கார் ஆடியோ செட் தயாரிப்பவர்களுக்கும், கையடக்கப் பாட்டுப் பெட்டி செய்பவர்களுக்கும், போனில் பாட்டுச் செயலி உருவாக்குபவர்களுக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஒரே வண்டி, சொந்த வண்டி. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சென்னை விமான நிலையத்துக்கு ட்ரிப் இருக்கும், பெரும்பாலும் ராத்திரியில். பார்ட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியில் நான் மட்டும்தான். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. பாட்டுதான் துணை. தூக்கத்தை விரட்டுவதற்காகப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கண் சொக்கினால் வண்டியை ஓரங்கட்டி ஒரு மணி நேரம் படுப்பதுதான் வழி. அதற்குப் பாட்டு உதவாது. ஆனால் விழித்திருக்கிற மனிதனுக்கு அந்த நேரத்தில் ஒரு குரல் வேண்டியிருக்கிறது. பாட்டே கேட்காமல் ஓட்டு என்று என்னிடம் சொல்பவர்கள் ஒருமுறை தனியாக அந்தச் சாலையில் வந்து பார்க்கட்டும்.

போன மாசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பெரம்பலூர் தாண்டிப் பாடாலூரை நெருங்கிக்கொண்டிருந்தேன். விடிகாலை மூன்று மணி இருக்கும். வேகம் 80. போன் டேஷ்போர்டு ஹோல்டரில் இருந்தது. மெதுவான பாட்டு ஒன்று முடிந்ததும் ஒரு விளம்பரம் காது கிழியக் கத்தியது. சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன். திரை அணைந்திருந்தது. ஒருமுறை தொட்டு எழுப்பினேன், அப்புறம் விரலால் தள்ளினேன், சரியான இடத்தில் படவில்லை, திரும்பவும் தள்ளினேன். நிமிர்ந்தபோது இடது ஓரத்தில் மஞ்சள் புடவைகள். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள். கடைசியாகப் போய்க்கொண்டிருந்தது ஒரு வயதான அம்மா, தலையில் துணி மூட்டை. வலப்பக்கம் ஒடித்தேன். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை, அதனால் தப்பித்தோம். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் சிறுகனூர் வந்து வண்டியை நிறுத்திவிட்டு, கைநடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். இரண்டு நொடி குனிந்தால் 44 மீட்டர். அவ்வளவு தூரத்தை நான் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினால் அது ஆபத்தான ஓட்டுதல் என்று அதில் சேர்த்தார்கள். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு. நல்ல சட்டம். ஆனால் அன்றைக்கு என் கை போனைப் பிடித்திருக்கவில்லை. கண்தான் அதில் மாட்டியிருந்தது.

அதற்குப் பிறகு, ஓட்டிக்கொண்டே பயமில்லாமல் இயக்கக்கூடிய ஒரு பாட்டுப் பெட்டியைத் தேடி அலைந்தேன். கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு செட். சத்தம் கூட்டுவதற்குக்கூடத் திருகு கிடையாது, எல்லாம் கண்ணாடித் தொடுதிரைதான். ஓட்டும்போது வீடியோ ஓடக் கூடாது என்பதற்காக அந்த செட்டில் ஹேண்ட் பிரேக்குக்கு என்றே ஒரு ஒயர் வருகிறது. மாட்டுகிறவர் அதை ஹேண்ட் பிரேக்கில் சேர்க்காமல், பிரேக் எப்போதும் போட்டிருப்பதாக செட் நம்பும்படி எர்த்தில் சேர்த்துவிட்டு, "இனி எப்ப வேணும்னாலும் படம் பாக்கலாம்ணே" என்றார். அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். வேண்டாம் என்று கழற்றச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஓர் ஒயரை மாற்றினால் ஏமாந்துபோகிற பாதுகாப்பை ஏன் இன்னும் அப்படியே வைத்திருக்கிறீர்கள்?

லைட்டர் சாக்கெட்டில் செருகினால் பாட்டைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கிப் பார்த்தேன். பென் டிரைவ் போட்டால் பாடுகிறது, பொத்தானும் இருக்கிறது. ஆனால் எல்லாப் பொத்தானும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. அடுத்த பாட்டுக்கு அழுத்தினால் அலைவரிசை மாறுகிறது. போதாததற்கு ஒரு நீல விளக்கு, இருட்டில் கண்ணைக் கூசுகிறது. அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிப் பார்த்தேன், பொத்தானும் சேர்ந்து மறைந்துவிட்டது.

பழைய கேசட் செட்டில் இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. நான் கிளீனராக இருந்த காலத்தில் டிரைவர் அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேசட்டைத் திருப்பிப் போடுவார். எந்தப் பக்கம் டேப் தெரியும், எந்தப் பக்கம் கனம் என்று விரலுக்கே தெரியும். சத்தத்துக்கு ஒரு திருகு, எவ்வளவு திருகினோம் என்பது கைக்குப் புரியும்.

ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் ஷஃபிள் என்று ஒரு குட்டிப் பாட்டுப் பெட்டி 2005-இல் வந்தது. அதில் திரையே கிடையாது. 2009-இல் அதன் உடம்பிலிருந்த பொத்தான்களை எடுத்துவிட்டு இயர்போன் ஒயரில் வைத்தார்கள். 2010-இல் திரும்பவும் பெட்டிக்கே பொத்தானைக் கொண்டுவந்தார்கள். 2017-இல் அந்தப் பெட்டியையே நிறுத்திவிட்டார்கள். ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை 2022-இல் ஒரு சோதனை செய்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே சில சாதாரண வேலைகளைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். பொத்தான் வைத்த 2005-ஆம் ஆண்டு வோல்வோவில் பத்து நொடியில் முடிந்தது. புதிய தொடுதிரைக் கார் ஒன்றில் 44 நொடிக்கு மேல் ஆனது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்கு நிஜப் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. பாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு ராத்திரியில் நான் ஹாரனைவிட அதிகமாகத் தொடுவது பாட்டுப் பெட்டியைத்தான்.

இப்போது நான் வைத்திருப்பது ஒரு பழைய பட்டன் போன். சிம் இல்லை, மெமரி கார்டு மட்டும். கியர் லீவருக்கு முன்னால் ஒட்டுப்பட்டை போட்டு அசையாமல் ஒட்டியிருக்கிறேன். டேஷ்போர்டில், ஏர்பேக் விரியும் இடத்தில் எதையும் ஒட்டக் கூடாது, அடிபடும்போது அது பறந்து முகத்துக்கு வரும். அந்தப் போனில் ஐந்தாம் எண் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. விரல் முதலில் அதைத் தேடிக்கொள்ளும். அப்புறம் மற்றப் பொத்தான்கள் எங்கே என்று பார்க்க வேண்டியதில்லை. அந்தப் புடைப்பைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி செய்யுங்கள். திரை வேண்டாம். நிறுத்த ஒன்று, அடுத்த பாட்டுக்கு ஒன்று, முந்தைய பாட்டுக்கு ஒன்று. மூன்றும் மூன்று வடிவத்தில் இருக்கட்டும். சத்தத்துக்குத் திருகு. வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து பாட வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிடக்கப்போகிற பெட்டி என்பதால் அதற்குள் லித்தியம் பேட்டரி வைக்காதீர்கள், சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கட்டும். கார் தயாரிப்பவர்கள் ஸ்டியரிங்கில் வைக்கும் ஆடியோ பொத்தானை விலை கூடிய மாடலுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். நாள் முழுக்க ஓட்டுகிற எங்களைப் போன்றவர்கள் வாங்குவது பெரும்பாலும் அடிமட்ட மாடலைத்தான். செயலி செய்பவர்கள், வண்டி ஓடும்போது விளம்பரத்தின் சத்தம் பாட்டின் சத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது என்றே நம்புகிறேன்.

செய்து முடித்ததும் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை திருச்சிக்கு எடுத்து வாருங்கள். ராத்திரி என் வண்டியில் மாட்டி உளுந்தூர்பேட்டை வரை போய் வருவோம். டீசல் என் செலவு.

இப்படிக்கு,
திருச்சி வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்