மீத்தேன் கணக்கில் விடுபட்ட 88 கிலோஜூல்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், ஒரு மோல் மீத்தேன் எரியும்போது ஏற்படும் என்தால்பி மாற்றத்தை (மாறா அழுத்தத்தில் வெளியேறும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பம்; வெளியேறினால் கழித்தல் குறி) இரண்டு வழிகளில் கணக்கிட்டிருந்தீர்கள். உருவாதல் என்தால்பியைக் (ஒரு மோல் சேர்மம் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்) கொண்டு −890, பிணைப்பு ஆற்றலைக் (அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல்) கொண்டு −802 கிலோஜூல். பிணைப்பு ஆற்றல்கள் வெறும் சராசரி மதிப்புகள், வித்தியாசம் அதனால்தான் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கூட்டல் கழித்தலில் தவறே இல்லை. கார்பன் டை ஆக்சைடுக்கு −393.5, திரவ நீருக்கு −285.8 வீதம் இரண்டு மோலுக்கு −571.6. இரண்டையும் கூட்டி, மீத்தேனின் −74.8-ஐக் கழித்தால் −890.3. ஆக்சிஜன் தனிமம், அதற்குப் பூஜ்யம். சரி, அடுத்த கணக்கு. நான்கு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளையும் (413) இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் (498) உடைக்க 2648 செலவு. கார்பன் டை ஆக்சைடின் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் (799) நீரின் நான்கு பிணைப்புகளும் (463) உருவாவதில் 3450 வரவு. மிச்சம் 802, வெளியேறும் வெப்பம்.

ஆனால் பிணைப்பு ஆற்றல் கணக்கில் எல்லாமே வாயு நிலையில் இருப்பதாகத்தான் வைத்துக்கொள்கிறோம். அதில் கிடைப்பது நீராவி. முதல் கணக்கில் போட்டதோ திரவ நீர். 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் நீராவி நீராக மாறும்போது 44 கிலோஜூல் வெளிவிடும். இரண்டு மோலுக்கு 88. காணாமல் போன தொகை அதுதான்! முதல் கணக்கிலேயே நீராவிக்குரிய −241.8-ஐப் போட்டுப் பாருங்கள், −802.3 வந்துவிடும். (எல்லா வினைகளிலும் இரண்டு வழிகளும் இவ்வளவு நெருங்கி வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

சராசரி மதிப்பு காலை வாருவது வேறு இடத்தில். சில அட்டவணைகளில் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்குப் பொதுவாக 745 என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் விடை −694 ஆகிவிடும். கார்பன் டை ஆக்சைடில் அந்தப் பிணைப்பு அதைவிட வலுவானது, அதனால்தான் 799.

கட்டுரையில் அச்சான சமன்பாட்டில் எந்தப் பொருளுக்குப் பக்கத்திலும் நிலை குறிக்கப்படவில்லை. மாணவர்களும் அதை அலங்காரம் என்று நினைத்துத்தான் விட்டுவிடுகிறார்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது திரவம், வாயு என்ற குறிப்போடு சமன்பாட்டை மறுபடி அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்