பிரம்புக்குப் பதில் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரம்பைக் கைவிட்டதால்தான் தொடக்கப் பள்ளிகளில் ஒழுங்கு கெட்டுவிட்டது என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கடலூர் ஒன்றியத்தில் 29 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள் நான். அதை ஏற்க முடியவில்லை.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் 'அடிக்காதே' என்றவர்கள், வேறு என்ன செய்வது என்று வகுப்பில் நின்று செய்து காட்டவில்லை. அதே சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஸ்கேலால் மேசையைத் தட்டிக் கத்தியே என் முதல் சில வருடங்கள் போயின.

ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-லேயே எழுதிவிட்டார்: சேட்டை நடந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசமில்லை, நடக்குமுன்னே வகுப்பு முழுவதும் அவர் கண்ணில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம். இதைப் படிக்குமுன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். கரும்பலகைக்குப் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகினேன். ஒருவன் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலுக்குக் கை நீட்டும்போதே, பாடத்தை நிறுத்தாமல் நடந்துபோய் அவன் நோட்டில் விரலை வைப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பிவிடும், பாடம் அதோடு போச்சு.

மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் தினமும் முதல் மணியில் தூங்குவான். எழுப்பி நிற்கவைத்தால் அன்று முழுக்க முரண்டு. விசாரித்தபோது தெரிந்தது: விடியுமுன்னே அப்பா கடலுக்கு, அம்மா மீன் எடுக்கத் துறைமுகத்துக்கு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவன்தான். அரை மணி நேரம் பாயில் படுக்கவிட்டேன். எழுந்து முகம் கழுவி வந்து, தானே சிலேட்டை எடுத்துக்கொள்வான். எந்தப் பிரம்பு அதைச் செய்திருக்கும்?

இளம் ஆசிரியர்களுக்கு, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் படிவங்களையும் பதிவேடுகளையுமே விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். மாதம் அரை நாள், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கட்டும். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். வடலூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இதை ஏற்பாடு செய்தால் வந்து வகுப்பெடுக்க நான் தயார். பயணப்படிகூட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கடலூர் முதுநகர்