திங்கட்கிழமை வேலையில் சேருகிறேன், மாமா

மாமா,

நகரமைப்புப் பிரிவில் ஆய்வாளராகத் திங்கட்கிழமை சேருகிறேன். எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும், இங்கே வேண்டாம். வீட்டில் நடந்த பேச்சையும் எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். நீங்கள் என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து அந்தப் பென்னாகரம் ரோட்டு வீடுதான் நினைவில் நிற்கிறது. லீவில் இருந்த என்னைச் சைட்டுக்குக் கூட்டிப்போனீர்களே, ரூஃப் கான்கிரீட் போடும் நாள். மிக்சர் மெஷின் வந்துவிட்டது, ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டியாகிவிட்டது, சித்தாள் அக்காக்கள் சும்மாடு சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் சென்ட்ரிங் மேல் ஏறிக் குத்தவைத்து உட்கார்ந்து, கம்பிக்கும் ஷீட்டுக்கும் நடுவே விரலை விட்டீர்கள். போகவில்லை. கம்பி கட்டியவர், கம்பியை ஷீட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் அங்கங்கே ஜல்லிக்கல்லைச் செருகியிருந்தார். மேலே ஆள் நடந்ததில் பாதிக் கல் நழுவி, கம்பி ஷீட்டிலேயே படுத்திருந்தது. என்னையும் கூப்பிட்டு விரலை விடச் சொன்னீர்கள். "இதை இப்படியே மூடிட்டா ஈரம் ஏறிக் கம்பி துருப்பிடிக்கும் பாப்பா. துருப்பிடிச்சா கம்பி பருக்கும். அப்புறம் காரை பேந்து தூங்குற ஆள் மேல விழும்." நல்ல நேரம் போகிறது என்று வீட்டுக்காரர் கத்தினார். நீங்கள் மெஷினை நிறுத்தினீர்கள். அன்றைய ஆள் கூலி முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போனது. கம்பியை மூடி நிற்க வேண்டிய கான்கிரீட் ஸ்லாபுக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 என்று, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ல் நான் படித்தது அதற்கப்புறம்தான்.

அந்த மனுஷனா இன்றைக்கு, "நம்ம பொண்ணு உள்ளே போயிட்டா, பிளானெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வேலை பிடிக்கிறீர்கள்? யாரிடம் சொன்னீர்கள் என்பதுவரை எனக்கு வந்துவிட்டது. சேருவதற்கு முன்பே என் பெயரை விலை பேசிவிட்டீர்கள்.

படித்து முடித்து உங்களோடு கான்ட்ராக்ட் பார்ப்பேன் என்று நம்பித்தான் ஃபீஸ் கட்டினீர்கள். உங்களைக் கேட்காமல் பரீட்சை எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா? 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் விழுந்து 61 பேர் செத்தபோது, டிவி முன்னால் உட்கார்ந்து, "யாராவது ஒருத்தர் ஒழுங்காப் போய்ப் பாத்திருக்க வேணாமா" என்று கேட்டது நீங்கள்தான். நான் போகிறேன் என்றதும் ஏன் கசக்கிறது? ஃபீஸ் கட்டிய கடன் என்றைக்கும் எனக்கு உண்டு. அதைக் கையெழுத்தாகத் திருப்பிக் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் டேப்போடு போய் அளக்கப்போவது பெரும்பாலும் காம்பவுண்டிலிருந்து விட வேண்டிய இடைவெளி, உயரம், வரைபடத்தில் இல்லாமல் எழும்பிய மாடி இவற்றைத்தான். மூடிவிட்ட கம்பி என் கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் பாலக்கோடு பக்கம் கட்டும் சின்ன வீடுகளுக்கு அந்த டேப்பும் வராது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் ஒரு மாடி வரை வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து, விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே உறுதி கொடுக்கும் சுயசான்று போதும். ஆன்லைனிலேயே அனுமதி வந்துவிடும், முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை, நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. கடன் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி, நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்த வீடுகளில் கான்கிரீட் விழுவதற்கு முன் விரல் விட்டுப் பார்க்க உங்களைத் தவிர ஆளே கிடையாது மாமா. உங்களைப் போல அதைப் பார்க்கத் தெரிந்தவர்களும் இந்த மாவட்டத்தில் அதிகம் பேர் இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

முதல் நாளே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிடுவேன்: நீங்கள் செய்யும் வேலை சம்பந்தப்பட்ட கோப்பு எதுவும் என்னிடம் வரக்கூடாது. நீங்கள் என் தாய்மாமன் என்பதையும் அதிலேயே எழுதுவேன். அவமானம் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

நாலு ரோட்டுப் பக்கத்து மனைக்காரரிடம் என் பெயரைச் சொல்லி வாங்கிய அட்வான்ஸை ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அத்தையிடமும் சொல்லியிருக்கிறேன். கொடுத்துவிட்டுப் போன் பண்ணுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன்.