வேகத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தாருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் 12 வருடமாகக் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கணினியை வேகமாக்கித் தருவதாகச் சொல்லி விற்கும் மென்பொருள்களைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன், அதாவது இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் வழிகள் பற்றி நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 தந்திரங்கள் இருக்கின்றன. இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்திக் காசு வாங்குவது பட்டியலின் கடைசியில் நிற்கிறது. ஆக, விஷயம் உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் பயமுறுத்தும் அந்தச் சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி இன்னும் திரையில் குதிக்கிறதே என்பதால்தான் இந்தக் கடிதம்.

கேட்பது ஒன்றே ஒன்று. வேகமாக்குவேன் என்று விளம்பரம் செய்கிறவரை, எவ்வளவு வேகம் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பள்ளிகளுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுக்கும் ஒரு அக்கா, தேர்வு நேரத்தில் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். திறக்க நேரமாகிறது என்று, வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு பூஸ்டர் மென்பொருளை இறக்கியிருக்கிறார். இலவச ஸ்கேன். சிவப்பு எழுத்தில் நூற்றுக்கணக்கான பிழைகள், கீழே ஓடும் கடிகாரம், பத்து நிமிடத்தில் வாங்கினால் பாதி விலை. 1,899 ரூபாய் கட்டிவிட்டார். விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியை அது “சுத்தம்” செய்ததில், அவர் பல வருடமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பழைய தமிழ் மென்பொருள் திறக்கவே இல்லை. மூன்று பள்ளிகளின் வேலை கையில் இருந்தது. இரண்டு பள்ளிகள் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டன.

“புகார் கொடுங்க அக்கா” என்றேன். “1,900 ரூபாய்க்கு யார் தம்பி அலையறது? அதைவிட அந்த ரெண்டு ஸ்கூல் திரும்ப வருமான்னு சொல்லு” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு அந்த மென்பொருளைச் சோதித்துப் பார்த்தேன். கடையில் ஒரு பழைய லேப்டாப்பை அப்போதுதான் ஃபார்மட் செய்து விண்டோஸ் 10 ஏற்றியிருந்தேன். வேறு எதுவும் அதில் இல்லை, இணையம்கூட அதுவரை கொடுக்கவில்லை. அதில் ஸ்கேன் போட்டால் 613 பிரச்சினைகள் என்றது. பிறந்து ஒரு மணி நேரம் ஆன குழந்தைக்கு 613 வியாதி!

அக்காவின் உரிம எண்ணையே போட்டு எல்லாவற்றையும் சரிசெய்யச் சொன்னேன். கணினி திறக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை விண்டோஸே ஈவென்ட் வியூவர் என்ற தன் பதிவேட்டில், 100 என்ற எண்ணுள்ள பதிவில், மில்லிசெகண்ட் கணக்கில் எழுதி வைக்கிறது. முன்னால் மூன்று தடவை, பின்னால் மூன்று தடவை பார்த்தேன். முன்னால் சராசரி 1 நிமிடம் 41 விநாடி. பின்னால் 1 நிமிடம் 49. எட்டு விநாடி கூடுதல்! காரணம் பெரிய ரகசியம் இல்லை. கணினி திறக்கும்போதே தானும் ஓடும்படி அது தன்னைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் அதே லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான ஒரு எஸ்எஸ்டி போட்டேன். திறக்க 22 விநாடி. அக்கா கட்டிய காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தால் அவருக்கும் அதையே போட்டுக் கொடுத்திருப்பேன்.

“1.2 ஜிபி ராம் விடுவிக்கப்பட்டது” என்று ஒரு பச்சை வட்டமும் சுற்றியது. ராம் என்பது ஓடும் நிரல்கள் தங்களுக்கு வேண்டியதைக் கைக்கு எட்டும்படி வைத்திருக்கும் நினைவகம். கைக்கு எட்டும் இடத்தில் இருந்த பருப்பையும் சர்க்கரையையும் குடோனில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, “பாருங்க, கடையில எவ்வளவு இடம்!” என்று மளிகைக் கடைக்காரர் சொன்னால் எப்படியிருக்கும்? அதுதான் இது. அடுத்த நிமிடம் பிரவுசரைத் தொட்டால் எல்லாம் திரும்ப டிஸ்க்கிலிருந்து வர வேண்டும்.

நியாயத்துக்குச் சொல்கிறேன்: சி டிரைவ் நிரம்பி வழிந்தால் குப்பைக் கோப்புகளை அழிப்பது உதவும். திறக்கும்போதே ஓடும் தேவையில்லாத நிரல்களை நிறுத்துவதும் உதவும். இரண்டுமே விண்டோஸில் காசில்லாமல் இருக்கின்றன. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. இப்படிப் பயமுறுத்தி விற்கும் நிரல்களை 2018 மார்ச் 1 முதல் வேண்டாத மென்பொருளாகக் கருதி நீக்குவோம் என்றும் அறிவித்தது.

அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் “பிசி ஹெல்த் செக்” என்று ஒன்று ஓட்டினார்கள். முதலில் நான்கு கேள்விகள். கணினி மெதுவாக இருக்கிறதா என்பது போல. ஒன்றுக்கு டிக் அடித்தால் போதும், ஸ்கேன் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும் வைரஸ் அறிகுறி என்று முடிவு வந்துவிடும். 2019-இல் அந்த நிறுவனமும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 35 மில்லியன் டாலர் கட்ட நேர்ந்தது. 2024-இல் இதேபோல் பயமுறுத்தி விற்ற ரீஇமேஜ், ரெஸ்டோரோ நிறுவனங்கள் 26 மில்லியன் டாலர் கட்ட நேர்ந்தது. அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கக் கூடாது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில், தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. யாரும் புகார் கொடுக்காமலே நீங்களாக விசாரிக்கலாம். ஐஏஎஸ் பயிற்சி மையங்களின் விளம்பரங்களைக் கேள்வி கேட்டு அபராதம் போட்டவர்கள்தானே நீங்கள்.

ஆனால் நம் ஊரில் வேகம், உயரம், சிவப்பு நிறம், தலைமுடி எதை வேண்டுமானாலும் அளவில்லாமல் விற்கலாம் போலிருக்கிறது. கால் கிலோ தக்காளிக்குத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருகிறார். “300 சதவீத வேகம்” என்பவனிடம் தராசைக் காட்டு என்று கேட்க ஒருவர்கூட இல்லை. செல்போனில் வாங்கும்போதே ஒரு பூஸ்டரைத் திணித்துத் தருகிறார்கள், அதில் ராக்கெட் வேறு பறக்கிறது. ராக்கெட் பறந்தபின் போன் சூடாகிறது, அவ்வளவுதான்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது.

தயவுசெய்து அளந்து காட்டச் சொல்லுங்கள். எந்தக் கணினி, முன்னால் எத்தனை விநாடி, பின்னால் எத்தனை விநாடி என்று விளம்பரத்திலேயே போடட்டும். புதிதாக ஏற்றிய விண்டோஸில் அந்த ஸ்கேன் எத்தனை பிழை காட்டுகிறது என்பதை உங்கள் ஆட்கள் ஒருமுறை பார்க்கட்டும். அரை நாள் வேலை. வேண்டுமானால் நான் எடுத்த அளவுகளையும் அந்த லேப்டாப்பையும் அனுப்பி வைக்கிறேன்.

அக்காவின் சந்தா வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகை என்பதைச் சின்ன எழுத்தில் பிறகுதான் பார்த்தோம். நிறுத்தும் பொத்தானை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பணிவுடன்,
கணினி பழுது பார்ப்பவர் ஒருவர்,
கும்பகோணம்